‘எனக்குக் கணக்கு வராது’ என்னும் குழந்தைக்குத் தன்திறன் நம்பிக்கை வளர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மாலை வகுப்புக்கு வரும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நான் பலகையில் 5/2 × 40 என்று எழுதியதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். “பின்னக் கணக்கு எனக்கு வராது டீச்சர்” என்று அவள் சொன்னதில் வருத்தம்கூட இல்லை. ஊர் பெயரைக் கேட்டால் சொல்வதுபோல இயல்பாகச் சொன்னாள். அதே வாரம் கோயில் வாசலில் அவள் அம்மாவின் பூக்கடையில் அவளைப் பார்த்தேன். முழம் 40 ரூபாய்க்குக் கட்டிவைத்த மல்லிகையில் ஒருவர் இரண்டரை முழம் கேட்டார். அம்மா கையால் அளந்து முடிப்பதற்குள் “நூறு ரூவா அண்ணே” என்றாள். பலகையில் அவள் தொட மறுத்ததும் அதே கணக்குதான்.

திறமை இருந்தும் செயல் தொடங்காமல் போகும் இந்த இடைவெளியைத்தான் உளவியலில் தன்திறன் நம்பிக்கை என்ற கருத்து விளக்குகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் உள்ள முண்டேர் என்னும் சிற்றூரில் 1925-இல் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றி, 2021-இல் மறைந்த ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் வெளியிட்ட கட்டுரையில் இதை முறையாக வகுத்தார். அவர் படித்த ஊர்ப் பள்ளியின் உயர்நிலை வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள் இருந்ததால் மாணவர்கள் பெரும்பாலும் தாமாகவே படித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மனிதர் தம் கற்றலைத் தாமே நடத்திச்செல்ல முடியும் என்பதில் அவருக்கு இருந்த உறுதிக்கு அந்தப் பள்ளியும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

இந்த வழிகாட்டி, பெற்றோரும் ஆசிரியரும் அந்த ஏழாம் வகுப்பு மாணவியைப் போன்ற குழந்தையோடு உட்கார்ந்து செய்யக்கூடியவற்றை வரிசையாகச் சொல்கிறது. கணக்கை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதில் ‘முடியும்’, ‘முடியாது’ என்பவை மிகத் தெளிவாக வெளிப்படுகின்றன என்பதுதான்.

தொடங்கும் முன் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியவை

தன்திறன் நம்பிக்கை என்பது ஒரு குறிப்பிட்ட செயலைக் குறிப்பிட்ட சூழலில் என்னால் செய்ய முடியும் என்ற மதிப்பீடு. ‘நான் நல்லவள், மதிப்புக்குரியவள்’ என்ற தன்மதிப்பு வேறு. நடனத்தில் உறுதியாக நிற்கும் குழந்தை கணக்கில் நடுங்கலாம். பூக்கடையில் பின்னத்தைப் பெருக்கும் குழந்தை வகுப்பறையில் அதையே மறுக்கலாம். ஆகவே ‘இவளுக்குத் தன்னம்பிக்கை இல்லை’ என்று பொதுவாகச் சொல்வதால் பயன் கிடையாது. எந்த வேலையில், எந்த இடத்தில் அது குறைகிறது என்பதே கேள்வி.

ஊக்கம் என்பது ஒரு செயலைத் தொடங்கவும் தொடரவும் தூண்டும் விசை. பண்டூரா இரண்டு எதிர்பார்ப்புகளைப் பிரித்துக் காட்டினார். ‘இதை என்னால் செய்ய முடியுமா?’ என்பது ஒன்று. ‘செய்தால் விரும்பிய பலன் கிடைக்குமா?’ என்பது மற்றொன்று. கணக்கில் மதிப்பெண் எடுத்தால் நல்ல வழி பிறக்கும் என்பதை முழுதாக நம்பும் குழந்தையும், அந்த மதிப்பெண்ணைத் தன்னால் எடுக்க முடியாது என்று எண்ணினால் புத்தகத்தைத் திறக்கமாட்டாள். அவளிடம் படிப்பின் அருமையை மணிக்கணக்கில் எடுத்துச் சொல்வது, பசியோடு இருப்பவரிடம் சோற்றின் சுவையை வருணிப்பதற்கு ஒப்பாகும்.

இந்த நம்பிக்கை நடத்தையைத் தொடும் இடங்கள் நான்கு: எதைத் தேர்ந்தெடுக்கிறோம், எவ்வளவு முயல்கிறோம், தடைபட்டால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறோம், தவறியதை எப்படிப் பொருள்கொள்கிறோம். 1982-இல் கொலின்ஸ் என்ற ஆய்வாளர் குழந்தைகளைக் கணிதத் திறன் அளவுப்படி பிரித்து, ஒவ்வொரு அளவிலும் நம்பிக்கை மிக்கவர்களையும் குறைந்தவர்களையும் ஒப்பிட்டார். திறன் ஒன்றாக இருந்தும், நம்பிக்கை மிக்கவர்கள் கூடுதல் கணக்குகளைச் சரியாகச் செய்தார்கள். தவறவிட்ட கணக்குகளுக்குத் திரும்பிச் சென்று மீண்டும் முயன்றார்கள். அந்தத் திரும்பிச் செல்லுதலே காலப்போக்கில் திறனாக மாறுகிறது. முயலாதவளோ முயலாததாலேயே கற்காமல் போய், ‘வராது’ என்று தான் சொன்னதை உண்மையாக்கிவிடுகிறாள்.

முதல் படி: எங்கே குறைகிறது என்று அளந்து பாருங்கள்

பண்டூரா வகுத்த அளவுமுறை எளியது. 0 முதல் 100 வரை, பத்துப் பத்தாகப் பிரித்த ஓர் அளவுகோல். ஒவ்வொரு வேலைக்கும் ‘இப்போதே இதைச் செய்ய முடியும் என்பதில் எவ்வளவு உறுதி?’ என்ற கேள்வி. ‘செய்வாயா?’ என்று கேட்கக்கூடாது; அது எண்ணத்தைக் கேட்பதாகிவிடும். ‘உன்னால் முடியுமா?’ என்றே கேட்க வேண்டும்.

வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேட்பதில்தான் பயன் இருக்கிறது. அந்த மாணவியிடம் நான் ஐந்து கேள்விகள் கேட்டேன். பகுதி ஒன்றாக உள்ள பின்னங்களைக் கூட்டுவதற்கு 90 என்று எழுதினாள். பகுதி வெவ்வேறாக இருந்தால் 40. கலப்புப் பின்னத்தைப் பெருக்குவதற்கு 20. வாக்கியமாக வரும் கணக்குக்கு 10. தேர்வில், நேரம் வைத்துச் செய்வதற்கு 0. ‘பின்னக் கணக்கு வராது’ என்று சொன்னவள் முதல் வரியில் 90 போட்டிருந்ததை அவளுக்கே காட்டினேன். சற்று நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பிக்கை 90-இலிருந்து 40-ஆகச் சரியும் அந்த இடம்தான் வேலையைத் தொடங்க வேண்டிய இடம். பூஜ்யம் போட்ட இடத்திலிருந்து தொடங்குவது பெரியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

இரண்டாம் படி: நம்பிக்கைக் குறைவா, ஊக்கக் குறைவா என்று பிரித்தறியுங்கள்

இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரேமாதிரித் தெரியும்: குழந்தை படிக்கவில்லை. ஆனால் ‘எனக்கு வராது’ என்பதும் ‘இதைப் படிச்சு என்ன ஆகப்போகுது’ என்பதும் வெவ்வேறு நோய்கள். முதலாவதற்குச் சிறு வெற்றிகள் தேவை. இரண்டாவதற்கு, அந்த வேலையில் குழந்தைக்கென்று ஒரு காரணம் தேவை. மூன்றாவதாக ஒன்றும் உண்டு: ஐந்தாம் வகுப்பில் கற்றிருக்க வேண்டிய வாய்பாடு உண்மையிலேயே தெரியாமல் இருப்பது. அதற்கு வாய்பாட்டைக் கற்பிப்பதே மருந்து.

ஊக்கம் குறைந்திருந்தால், எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்தெடுத்த கோட்பாடு நல்ல திறவுகோல். தன் விருப்பப்படி தேர்ந்தெடுக்கும் உரிமை, திறமை கூடுகிறது என்ற உணர்வு, தன்மேல் அக்கறை கொண்டவர்களோடு பிணைப்பு ஆகிய மூன்றும் நிறைவேறும்போது மனிதருக்கு உள்ளிருந்து ஊக்கம் பிறக்கிறது என்பது அவர்கள் முடிவு. வீட்டில் இதைச் செய்வது கடினமில்லை. பத்துக் கணக்குகளைக் கொடுத்து, ‘இதில் எந்த ஆறைச் செய்யப்போகிறாய்?’ என்று கேட்டாலே தேர்வு குழந்தையின் கைக்குப் போய்விடுகிறது.

பரிசு பற்றி ஓர் எச்சரிக்கை. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் படம் வரைவதை இயல்பாகவே விரும்பிய மழலையர் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தனர். பிறகு தாமாக விளையாடும் நேரத்தில் அந்தக் குழந்தைகள் படம் வரையச் செலவிட்ட நேரம், பரிசுப் பேச்சே இல்லாத குழந்தைகள் செலவிட்டதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. ஏற்கெனவே ஆர்வம் உள்ள இடத்தில் ‘நூற்றுக்கு நூறு எடுத்தால் சைக்கிள்’ என்ற ஒப்பந்தத்தைப் போடாதீர்கள். ஆர்வமே இல்லாத இடத்தில் தொடக்கத் தூண்டுதலாகச் சிறு பரிசு தரலாம். அதையும் முடிவுக்குத் தராமல் முயற்சிக்கும் முன்னேற்றத்துக்கும் தருவது நல்லது.

மூன்றாம் படி: தானே பெற்ற வெற்றியைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் உங்களால் செய்ய முடியுமென்றால், இதைச் செய்யுங்கள். நம்பிக்கைக்குப் பண்டூரா கூறிய நான்கு ஊற்றுகளில் மிக வலிமையானது, தானே செய்து பெற்ற வெற்றி.

1981-இல் பண்டூராவும் டேல் ஷங்க்கும் கழித்தல் கணக்கில் பின்தங்கி, அதில் ஆர்வமும் இழந்த குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தனர். தாமே படித்துச் செய்யும்படி அமைந்த 42 பக்கப் பாடம், ஏழு அமர்வுகள். ஒரு குழுவிடம் ஒவ்வோர் அமர்விலும் ஆறு பக்கம் முடிப்பதை இலக்காகக் கொள்ளலாம் என்றனர். மற்றொரு குழுவிடம் ஏழாவது அமர்வுக்குள் 42 பக்கமும் முடிக்கலாம் என்றனர். வேறொரு குழுவுக்கு இலக்கே சொல்லவில்லை. மொத்த வேலை எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் ஆறு பக்க இலக்கு வைத்துக்கொண்ட குழந்தைகள் வேகமாக முன்னேறினர்; கழித்தலில் தேர்ச்சியும் நம்பிக்கையும் அவர்களுக்கே அதிகமாயின. எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பு பிடிக்காத பாடத்தில் அவர்களுக்கு ஆர்வம் பிறந்தது. திறமை கூடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே விருப்பம் வந்தது என்பதைக் கவனியுங்கள். விருப்பம் வரட்டும், பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்கும் பெற்றோர் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

நடைமுறையில் நான் செய்வது இது. 2/3 + 1/4 என்ற கணக்கை முழுவதும் செய்து காட்டுவேன்: இரண்டுக்கும் பொதுப் பகுதி 12; 2/3 என்பது 8/12; 1/4 என்பது 3/12; விடை 11/12. அடுத்து அதே வகைக் கணக்கைக் கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு எழுதித் தருவேன். அவள் நிரப்ப வேண்டும். அதற்கடுத்ததில் கடைசி இரண்டு வரிகள் இருக்காது. அதற்கடுத்ததில் கேள்வி மட்டுமே. கீழிருந்து மேலாக உதவி கரைந்துகொண்டே வருவதால், ஒவ்வொரு முறையும் கணக்கை முடித்து வைக்கும் கை அவளுடையதாகவே இருக்கிறது. பதினைந்து நிமிடத்தில் ஆறு கணக்குகள் போதும். ஏழாவது கணக்கை ஆசைப்பட்டுக் கேட்டாலும் நாளைக்கு என்று நிறுத்திவிடுவேன். கேட்டபடி போன குழந்தை மறுநாள் கேட்டுக்கொண்டே வருவாள்.

பாம்பைக் கண்டு அஞ்சி நடுங்கிய பெரியவர்களுக்குப் பண்டூராவின் குழுவினர் கையாண்டதும் இதே முறைதான். முதலில் சிகிச்சையாளர் பாம்பைக் கையில் எடுப்பார், பிறகு அஞ்சியவர் கையுறை போட்டுத் தொடுவார், பிறகு வெறுங்கையால். உதவிகளை ஒவ்வொன்றாக விலக்கி, இறுதியில் யாருடைய துணையும் இன்றி அவரே செய்வார்.

ஒன்றை மறக்க வேண்டாம். மிக எளிதான கணக்குகளாகவே கொடுத்துக்கொண்டிருந்தால் நம்பிக்கை வளராது. எளிதாகக் கிடைத்ததை எந்தக் குழந்தையும் தன் வெற்றியாகக் கருதுவதில்லை. ஆறில் நான்கைந்து கைகூடும், ஒன்றிரண்டு திணறவைக்கும் என்ற அளவில் இருப்பது என் அனுபவத்தில் சரியாக வருகிறது.

நான்காம் படி: தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்க்கவிடுங்கள்

இரண்டாவது ஊற்று, பிறர் செய்யக் காண்பது. இதற்குப் புதுக்கோட்டையைக் காட்டிலும் நல்ல சான்று எனக்குத் தெரியாது. 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் எழுத்தறிவு இயக்கத்தோடு இணைத்தார். சேலை கட்டிய பெண் சைக்கிள் ஏறுவதை ஊர் கேலி பேசிய காலம். பக்கத்துத் தெருப் பெண், தன்னைப் போலவே வயல்வேலையோ கல்குவாரி வேலையோ செய்பவள், விழுந்து எழுந்து ஓட்டுவதைப் பார்த்த பிறகு மற்றவர்கள் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள்கள் போதவில்லை. ஆண்களின் சைக்கிளிலேயே கற்றார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அப்படிக் கற்றார்கள். சைக்கிள் பந்தய வீராங்கனை ஒருவரை மேடையேற்றிப் பேசவைத்திருந்தால் இது நடந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. செய்து காட்டுபவர் பார்ப்பவரைப் போன்றவராக இருக்க வேண்டும் என்பதுதான் இதன் உயிர்நாடி.

வகுப்பறையிலும் அப்படியே. ஷங்க் தம் சகாக்களுடன் செய்த ஆய்வுகளில், பெரியவர் செய்வதைக் காட்டிலும் தம் வயதுக் குழந்தை செய்வதைப் பார்த்தவர்களின் நம்பிக்கை அதிகம் உயர்ந்தது. முதல் மாணவனை எடுத்துக்காட்டி ‘அவனைப் பார்’ என்பதை விட்டுவிடுங்கள். போன மாதம் திணறி இந்த மாதம் தேறிய குழந்தையைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். நீங்களும் பலகையில் இடையில் தடுமாறும்போது அதை மறைக்காமல், ‘இங்கே தப்பு பண்ணிட்டேன், பகுதியை மாத்தினேன், தொகுதியை மாத்த மறந்துட்டேன்’ என்று வாய்விட்டுச் சொல்லித் திருத்துங்கள்.

ஐந்தாம் படி: சொல்லும் சொல்லைத் தேர்ந்து சொல்லுங்கள்

‘உன்னால் முடியும்’ என்று சொல்வது மட்டுமே நம்பிக்கையூட்டல் என்று நானும் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். பிறர் சொல்லும் சொல் மூன்றாவது ஊற்று; ஊற்றுகளில் மெலிந்த ஒன்று. சொன்ன மறுநிமிடமே குழந்தை தோற்றால், அந்தச் சொல்லோடு சொன்னவர் மீதான நம்பிக்கையும் சேர்ந்து போகிறது.

1998-இல் முல்லரும் கேரல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளில், ஒரு வெற்றிக்குப் பின் ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டப்பட்டவர்கள், அடுத்து வந்த கடினமான பகுதியில் தோற்றதும் விரைவில் தளர்ந்தனர். அதன்பின் அவர்கள் செய்ததும் குறைந்தது. முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தாக்குப்பிடித்தனர். ஆகவே நடந்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள்: ‘நேத்து பொதுப் பகுதி கண்டுபிடிக்க என்னைக் கேட்டே, இன்னைக்கு நீயே கண்டுபிடிச்சிட்டே.’ இதில் மிகையில்லை. குழந்தை மறுக்கவும் முடியாது.

உறவினர் வந்திருக்கும்போது, குழந்தை கேட்கும்படி ‘இவ கணக்குல கொஞ்சம் வீக்’ என்று சொல்லும் வழக்கத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஓராண்டாகச் சேர்த்த சிறு வெற்றிகளை அந்த ஒரு வரி கரைத்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: உடலின் பதற்றத்துக்கு வேறு பெயர் கொடுங்கள்

நான்காவது ஊற்று, உடல் காட்டும் அறிகுறிகள். வியர்த்த உள்ளங்கை, படபடக்கும் நெஞ்சு ஆகியவற்றைக் குழந்தை ‘எனக்குத் தெரியாது என்பதற்கு அடையாளம்’ என்று வாசிக்கிறாள். 2014-இல் அலிசன் வுட் புரூக்ஸ் செய்த சோதனைகளில், பதற்றத்தை அடக்க முயல்வதைக் காட்டிலும் அதை உற்சாகம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டவர்கள் பாட்டிலும் பேச்சிலும் கணக்கிலும் நன்றாகச் செய்தனர். பந்தயத்துக்கு முன்னும் திருவிழா ராட்டினத்தில் ஏறும் முன்னும் இதே நெஞ்சுதான் இப்படித் துடிக்கிறது என்று குழந்தைக்கு எடுத்துச் சொல்லுங்கள். தேர்வுக்கு முன்பே வீட்டில் கடிகாரம் வைத்துச் சில முறை எழுதிப் பழக்குங்கள். தேர்வுக்கு முந்தின இரவு தூங்கவிடுங்கள்.

ஏழாம் படி: எப்போது, எங்கே என்று முன்கூட்டியே முடிச்சுப் போடுங்கள்

நம்பிக்கையும் விருப்பமும் இருந்தும் வேலை நடக்காமல் போவது உண்டு. ‘தினமும் படிப்பேன்’ என்ற உறுதி காற்றோடு போகும். பீட்டர் கோல்விட்சர் முன்வைத்த ‘இது நடந்தால், இதைச் செய்வேன்’ என்ற திட்டம் அந்த இடைவெளியை அடைக்கிறது. 2006-இல் அவரும் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது அதன் பயன் உறுதிப்பட்டது. குழந்தையே தன் கையால் எழுதட்டும்: ‘சாயங்காலம் டீ குடித்து டம்ளரைக் கழுவி வைத்ததும், திண்ணையில் உட்கார்ந்து ஆறு கணக்குப் போடுவேன்.’ மாட்டிக்கொள்ளும் தருணத்துக்கும் ஒரு வரி வேண்டும்: ‘இரண்டு நிமிடமாக நகரவில்லை என்றால், தெரிந்ததை மட்டும் தாளில் எழுதுவேன்.’ திணறலை முன்பே எதிர்பார்த்து வைத்தவளுக்குத் திணறல் வரும்போது அது தோல்வியாகத் தோன்றாது.

எட்டாம் படி: நம்பிக்கை மிகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்

நம்பிக்கை கூடக்கூட எல்லாம் நன்றாகும் என்று எண்ணுவது தவறு. ஜெஃப்ரி வான்கூவரும் கெண்டலும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாணவர் தேர்வுக்குத் தேர்வு எப்படி மாறுகிறார் என்று பார்த்தனர். மிகுந்த உறுதியோடு இருந்த தேர்வுகளுக்கு அவர்கள் குறைவாகப் படித்தனர், மதிப்பெண்ணும் குறைந்தது. செய்யும்போது தேவைப்படும் உறுதி வேறு, தயாராகும்போது வைத்திருக்க வேண்டிய சிறு ஐயம் வேறு.

இதற்கு நான் பயன்படுத்தும் கருவி எளிது. ஒவ்வொரு கணக்கைத் தொடங்கும் முன்பும் ஓரத்தில் 0 முதல் 100 வரை ஓர் எண்ணை எழுதச் சொல்வேன். முடித்ததும் சரியா தவறா என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். 90 போட்டுத் தவறியவையும் 20 போட்டுச் சரியானவையும் வாரக் கடைசியில் தனியாகத் தெரிந்துவிடும். முன்னவை மீண்டும் படிக்க வேண்டியவை. பின்னவற்றை அவளிடம் எடுத்துக் காட்டுவதே போதும்.

பெற்றோருக்கு ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டாய்கோவிச்சும் லுத்தான்ஸும் 1998-இல் பணியிடம் தொடர்பான 114 ஆய்வுகளைத் தொகுத்தபோது, தன்திறன் நம்பிக்கைக்கும் செயல்திறனுக்கும் இடையிலான ஒட்டுறவு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) சராசரியாக 0.38 என வந்தது. வேலை சிக்கலாக ஆக அந்தத் தொடர்பு தளர்ந்தது. உளவியலில் இது கணிசமான அளவு. ஆனால் மீதி இடத்தைக் கற்பித்தலும், நேரமும், வெளிச்சமும், பசியாற்றிய வயிறும், அமர்ந்து எழுத ஓர் இடமும் நிரப்புகின்றன. அவற்றைத் தராமல் குழந்தையின் மனத்தை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை.

பூக்கடைக் குழந்தைக்கு ஏழு வாரம் பிடித்தது. அதே ஐந்து கேள்விகளை மீண்டும் கொடுத்தேன்: 100, 80, 70, 50, 30. தேர்வுக்கு இன்னும் 30தான். அந்த எண்ணில் அவள் என்னை ஏமாற்றவில்லை என்பதே எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அன்று பலகையில் 7/4 × 60 எழுதினேன். ஓரத்தில் 70 என்று குறித்துக்கொண்டு தொடங்கினாள். இடையில் ஓரிடத்தில் பெருக்கல் தவறியது. முன்பெல்லாம் பக்கம் முழுவதையும் அழித்துத் தாளைக் கிழிப்பவள், விரலை வரி வரியாகக் கீழே கொண்டுவந்து, தவறிய ஒரு வரியில் நிறுத்தி, அதை மட்டும் ரப்பரால் அழித்துவிட்டு 105 என்று எழுதினாள்.